வெட்டிய மரம் மலையிறங்கிய கதை: கட்டை ரயில்கள் பற்றி ஒரு விவாத இழை

காட்டுவழி எழுதியது:

மரம் வெட்டும் தொழில் என்றாலே கோடரியையும் ரம்பத்தையும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் பழைய கட்டைத் தொழிலைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு உறுதியான விஷயம் இது: வெட்டுவதை விட, வெட்டியதை மில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அங்கே பெரும்பாடு. எந்தக் காடு பிழைக்கும், எந்தக் காடு போகும் என்பதைத் தீர்மானித்ததும் அதுதான்.

மிச்சிகன், விஸ்கான்சின் பக்கம் ரயில் வருவதற்கு முன்பு குளிர்காலத்தில்தான் வெள்ளைப் பைன் மரங்களை வெட்டினார்கள். தரை உறைந்து கிடக்கும்போது குதிரையோ மாடோ பூட்டிய சறுக்குவண்டியில் ஏற்றி ஆற்றங்கரையில் குவித்துவிடுவார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகியதும் கட்டைகளை உருட்டிவிட்டால் வெள்ளம் கொண்டுபோகும். பல பேருடைய மரம் ஒரே ஆற்றில் கலந்து வருமல்லவா, அதனால் ஒவ்வொரு கட்டையின் முனையிலும் சொந்தக்காரரின் முத்திரையைச் சுத்தியலால் அடித்து வைத்தார்கள். கீழே ஆற்றுக்குக் குறுக்கே மிதவைத் தடுப்பு போட்டு, முத்திரை பார்த்துப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே தனிக் கம்பெனிகள் இருந்தன.

பனி சரியாகப் பெய்யாத வருஷம் வியாபாரம் படுத்துவிடும். ஆற்றிலிருந்து சில மைல் தள்ளி நிற்கும் மரம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் எட்டாக்கனிதான். ஓக், மேப்பிள் போன்ற கனத்த மரங்கள் சரியாக மிதப்பதும் இல்லை. வழியில் சிக்கிக்கொண்டால் அது வேறு வினை. 1886இல் செயின்ட் குரோய் ஆற்றில் டெய்லர்ஸ் ஃபால்ஸ் ஊருக்குப் பக்கத்தில் கட்டைகள் மலைபோல அடைத்துக்கொண்டன. பிரித்தெடுக்கப் பல வாரங்கள் ஆயின.

மிச்சிகனில் வின்ஃபீல்ட் ஸ்காட் கெரிஷ் என்று ஒரு மர வியாபாரி. 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போனவர் அங்கே ஒரு சின்ன ரயில் எஞ்சினைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் காட்டிலிருந்து மஸ்கீகன் ஆற்றுக்குச் சில மைல் தண்டவாளம் போட்டார். 1877 தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. அந்தக் காலகட்டத்தில் பனியும் குறைவு. மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவருடைய மரம் மட்டும் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் தண்டவாளத்துக்கு மாறினார்கள்.

கவனியுங்கள், முதலில் ரயில் ஆற்றுக்குப் போட்டியாக வரவில்லை, ஆறு வரை கொண்டுவிடத்தான் வந்தது. நேராக மில் வாசலுக்கே போனது அப்புறம்தான்.

பொன்மலை ஐயா, இந்தக் காட்டுப் பாதைகளில் மரம் இழுத்த ஷே என்ற நீராவி எஞ்சினைப் பற்றி நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

---

பொன்மலைக்காரர் எழுதியது:

தம்பி கேட்டதால் எழுதுகிறேன். நீராவி எஞ்சின்களோடு வேலை செய்தவன் என்பதால் ஷே எஞ்சின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சாதாரண நீராவி எஞ்சினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போகும், இணைப்புத் தண்டு பெரிய சக்கரங்களைச் சுழற்றும். அந்தச் சக்கரங்கள் எல்லாம் ஒரே விறைப்பான சட்டத்தில் மாட்டியிருக்கும். நல்ல தண்டவாளம், அகலமான வளைவு, மிதமான ஏற்றம் இருந்தால் அது ராஜா. காட்டில் இது மூன்றும் கிடையாது. மரத்தை வெட்டி முடித்ததும் பாதையைப் பிடுங்கி அடுத்த பள்ளத்தாக்கில் போடுவார்கள். அதற்கு யார் சல்லி கொட்டிச் சமன் செய்வார்கள்? ஆரம்பத்தில் இரும்புத் தண்டவாளம்கூட இல்லாமல், மரச்சட்டத்தையே தண்டவாளமாகப் போட்ட இடங்கள் நிறைய.

இஃப்ராயிம் ஷே மிச்சிகனில் மரத்தொழில் செய்தவர், மரத் தண்டவாளத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். இறக்கத்தில் பாரவண்டி குதிரைகளின் மேலேயே ஏறிவிடும் ஆபத்து இருந்தது. சாதாரண எஞ்சினை ஏற்றினால் மரத் தண்டவாளம் நொறுங்கியது. அதனால் அவர் ஒரு தட்டை வண்டியின் மேல் பாய்லரை வைத்து, எடையைப் பல சின்னச் சக்கரங்களில் பரப்பி, கியர் வைத்து ஓட்டிப் பார்த்தார். ஒஹாயோ மாநிலத்தில் லிமா என்ற ஊரிலிருந்த தொழிற்சாலை அதைச் செய்து விற்க ஆரம்பித்தது. 1881இல் காப்புரிமை. 1945 வரை ஏறத்தாழ 2,770 எஞ்சின்கள்.

அமைப்பைச் சொல்கிறேன். சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கும், எல்லாம் வலது பக்கத்தில் மட்டும். எடை சமமாக இருப்பதற்காக பாய்லரை இடது பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கோணலாகத் தெரியும். சிலிண்டருக்குக் கீழே எஞ்சின் நெடுகிலும் ஒரு ஷாஃப்ட் ஓடும். லாரியில் இருக்கிற அதே கிராஸ் ஜாயிண்ட் வைத்த ஷாஃப்ட். போகி, அதாவது சக்கரங்கள் மாட்டிய, தனியாகத் திரும்பக்கூடிய அடிச்சட்டம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஷாஃப்ட் நீண்டும் சுருங்கியும் வளைந்து கொடுக்கும். வலது பக்கச் சக்கரம் ஒவ்வொன்றின் வெளிமுகத்திலும் பெவல் கியர், அதாவது சாய்வான பற்கள் கொண்ட கியர். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் சக்கரம் உட்பட எல்லாச் சக்கரமும் இழுக்கும். எஞ்சினின் முழு எடையும் பிடிமானமாகிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊட்டி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12க்கு 1 ஏற்றம் ஏறுகிறது. அதற்கு நடுவில் பல்தண்டவாளம் வேண்டியிருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் காஸ் என்ற இடத்தில் ஷே எஞ்சின்கள் சில துண்டுகளில் 9க்கு 1 வரை ஏறுகின்றன, பல்தண்டவாளம் இல்லாமல், வெறும் சக்கரப் பிடிமானத்தில். வேகம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது, மணிக்குப் பத்துப் பதினைந்து மைல் என்றால் அதிகம். கியர் காரணமாக சிலிண்டர் வேகமாக அடிக்கும். சத்தத்தை மட்டும் கேட்டால் எக்ஸ்பிரஸ் வருகிற மாதிரி இருக்கும்.

கிளைமாக்ஸ், ஹெய்ஸ்லர் என்று போட்டி எஞ்சின்களும் வந்தன. இரண்டும் பென்சில்வேனியாவில் செய்யப்பட்டவை. ஹெய்ஸ்லர் கொஞ்சம் வேகமானது. என்னைக் கேட்டால் ஷேதான். உறுப்புகள் எல்லாம் வெளியே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கின்றன. காட்டு நடுவில் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அதன் அருமை தெரியும்.

---

மரவாடி மகன் எழுதியது:

அருமை ஐயா. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மரவாடி. எனக்குள்ள சந்தேகம் வேறு. எஞ்சின் இழுக்கும், சரி. இவ்வளவு பெரிய கட்டையைக் காட்டுக்குள்ளிருந்து தண்டவாளம் வரைக்கும் யார் கொண்டுவந்தது? வண்டியில் யார் ஏற்றினது? நம் பக்கம் யானை இருந்தது. அங்கே?

---

காட்டுவழி எழுதியது:

சரியான இடத்தில் கேட்டீர்கள். என் கணக்கில் ரயிலை விடவும் பெரிய மாற்றம் அங்கேதான் நடந்தது.

மிச்சிகனில் சமவெளி அதிகம். அங்கே சைலஸ் ஓவர்பேக் என்பவர் 1875 வாக்கில் ஒரு ஜோடி ராட்சதச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார். பத்தடி உயரம் வரை இருக்கும். கட்டைகளை அச்சுக்குக் கீழே சங்கிலியால் தொங்கவிட்டு, முன்முனையைத் தூக்கிப் பின்முனை தரையில் உரசும்படி குதிரைகள் இழுக்கும். பனி இல்லாத கோடையிலும் வேலை நடந்தது.

மேற்குக் கரை வேறு உலகம். அங்கே டக்ளஸ் ஃபிர், ரெட்வுட் மரங்கள் பத்துப் பேர் கைகோத்தாலும் அடங்காத அளவுக்கு இருந்தன. பாதைக்குக் குறுக்கே சின்னக் கட்டைகளைப் பாதி புதைத்து வரிசையாகப் போட்டு, அதன்மேல் மீன் எண்ணெயோ கொழுப்போ தடவி, பல ஜோடி எருதுகளைப் பூட்டி இழுப்பார்கள். எண்ணெய்ச் சட்டியோடு முன்னால் ஓடிக்கொண்டே தடவுவதற்கென்று ஒரு பையன். எருதுக்கும் ஒரு எல்லை உண்டு, செங்குத்தான மலைச்சரிவில் அது நிற்காது.

கலிபோர்னியாவில் யுரேகா ஊரைச் சேர்ந்த ஜான் டால்பியர் 1880களின் தொடக்கத்தில் ஒரு நீராவி வின்ச் செய்தார். 1882இல் காப்புரிமை. பாய்லர், ஒரு சிலிண்டர், வடம் சுற்றும் உருளை, அவ்வளவுதான். பெரிய மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இடம் மாற்ற வேண்டுமானால் வடத்தை ஒரு மரத்தில் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும். முதலில் கயிறு, அப்புறம் கம்பி வடம். ஆரம்பத்தில் வடத்தைத் திரும்பக் காட்டுக்குள் கொண்டுபோக ஒரு குதிரை தேவைப்பட்டது. பின்பு இரண்டாவது உருளை சேர்த்ததும் அந்தக் குதிரைக்கும் வேலை போயிற்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு படி மேலே போனார்கள். கட்டை தரையில் உழுதுகொண்டு வந்தால் வேரிலும் பாறையிலும் முட்டும். அதனால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நெடிய மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஆள் இடுப்பு வடத்தோடும் காலில் கட்டிய முள்ளோடும் ஏறிக் கிளைகளை வெட்டி, 200 அடி உயரத்தில் தலையையும் சீவிவிடுவான். தலை விழும் வேகத்தில் மரம் முழுவதும் ஆடும், அவன் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலேயே இருக்க வேண்டும். அந்த உச்சியில் கப்பி மாட்டி வடத்தை அதன் வழியாக விட்டால் கட்டையின் முன்முனை தூக்கியபடியே வரும். இழுக்கிற எஞ்சின்காரனுக்குக் காட்டுக்குள் நடப்பது தெரியாது. நடுவில் ஒரு பையன் நின்று கம்பியை இழுத்து விசில் அடித்துச் சொல்வான். தப்பாக ஒரு விசில் அடித்தால் கீழே நிற்பவன் உயிர் போகும்.

வண்டியில் ஏற்றுவதற்கும் யந்திரம் வந்தது. மினசோட்டாவில் டுலூத் நகரத்தின் கிளைட் தொழிற்சாலை செய்த மெக்கிஃபர்ட் ஏற்றுயந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. தண்டவாளத்தின் மேலேயே கால் ஊன்றி நிற்கும், தன் சக்கரங்களை மேலே தூக்கிக்கொள்ளும். வெற்று வண்டிகள் அதன் கால்களுக்கு நடுவே நுழைந்து வரும், நிறைந்து வெளியே போகும்.

---

வனவரலாறு எழுதியது:

நண்பர் ரசித்து எழுதுவது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த யந்திரங்கள் காட்டுக்கு என்ன செய்தன என்பதையும் பேச வேண்டும்.

எருது இழுத்த காலத்தில் நல்ல மரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டுவது வழக்கம், இழுப்பது அவ்வளவு சிரமம். ரயில் போட்டதும் கணக்கு மாறியது. ஒரு மைல் தண்டவாளத்துக்குச் செலவழித்தவன் அந்த மைலின் இரண்டு பக்கமும் உள்ள எல்லா மரத்தையும் எடுத்தால்தான் போட்ட பணம் வரும். அதனால் மொட்டையடித்தார்கள். வடத்தில் இழுபட்டு வந்த கட்டைகள் வழியில் நின்ற இளங்கன்றுகளையும் நசுக்கின. ஆற்றுக்கு எட்டாத தூரம்தான் அதுவரை பல காடுகளுக்குப் பாதுகாப்பு. அந்தத் தூரத்தை ரயில் அழித்துவிட்டது.

அப்புறம் தீ. வெட்டிய இடத்தில் கிளையும் பட்டையும் முழங்கால் அளவுக்குக் கிடக்கும். அதற்கு நடுவே பொறி கக்கிக்கொண்டு எஞ்சின் போகும். 1894 செப்டம்பரில் மினசோட்டாவில் ஹிங்க்லி ஊரை அழித்த தீ இப்படிக் கழிவு குவிந்து கிடந்த வெட்டுக்காடுகளில் பரவியதுதான். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 1933இல் ஆரிகனில் டில்லமூக் காட்டுத்தீ ஒரு மரவெட்டு முகாமில்தான் தொடங்கியது.

---

காட்டுவழி எழுதியது:

தீயைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ரயிலுக்கு முன்னால் எல்லாம் மென்மையாக நடந்தது என்ற தோற்றம் வேண்டாம். தண்ணீர் குறைந்த ஓடைகளில் மரத்தாலேயே அணை கட்டி, பின்னால் தண்ணீரையும் கட்டைகளையும் தேக்கி, மதகை ஒரே அடியாகத் திறந்துவிடுவார்கள். அந்த வெள்ளமும் கட்டைகளும் சேர்ந்து ஓடையின் கூழாங்கற்களைச் சுரண்டிப் பாறையை வெளியே காட்டிவிடும். சால்மன் மீன் முட்டையிடுவது அந்தக் கூழாங்கற்களில்தான். அந்த அணைகள் போய்ப் பல தலைமுறை ஆகியும் சில ஓடைகள் இன்னும் தேறவில்லை. மரம் திரும்ப வளர்ந்துவிடுகிறது, ஓடை அவ்வளவு சுலபத்தில் திரும்புவதில்லை. என் மனதுக்கு இது பெரிய சேதம்.

---

வனவரலாறு எழுதியது:

ஓடை விஷயத்தை ஏற்கிறேன். இருந்தாலும் அளவு என்று பார்த்தால் ரயில்தான். ஓக்கும் மேப்பிளும் மிதக்காததால் பிழைத்திருந்தன என்று முதல் பதிவில் நீங்களே எழுதினீர்கள். ரயில் வந்ததும் அவையும் போயின.

---

பொன்மலைக்காரர் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். ஆனால் ரயில்வேக்காரன் கண்ணில் படுகிற ஒன்றை இன்னும் யாரும் தொடவில்லை. ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறோம். கட்டை ரயிலில் ஏறும்போது வண்டி காலி. இறங்கும்போதுதான் பாரம். அந்தத் தொழிலின் உண்மையான சோதனை இழுப்பது இல்லை, நிறுத்துவது.

பல இடங்களில் முழு வண்டியே கிடையாது. இரண்டு தனித்தனி போகிகள், அவற்றின் மேல் கட்டை. கட்டையேதான் வண்டியின் சட்டம். ஒரு நாள் 30 அடி, மறுநாள் 60 அடி, நீளத்துக்கு ஏற்றபடி போகிகளைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் காற்று பிரேக் குழாயை அதில் எப்படி ஓட்டுவது? அதனால் கைப்பிரேக். பிரேக்மேன் முள் வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்த கட்டையின் மேல் ஒவ்வொரு வண்டியாகத் தாவிப்போய், கையில் உள்ள தடியை நெம்புகோலாகக் கொடுத்து பிரேக் சக்கரத்தை முறுக்குவான். அமெரிக்க அரசு 1893இல் ரயில்வே பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, மாநிலங்களுக்கு இடையே ஓடும் ரயில்களுக்கு காற்று பிரேக்கையும், வண்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் தானியங்கி கப்ளிங்கையும் கட்டாயமாக்கியது. காட்டுக்குள்ளேயே ஓடுகிற தனியார் கட்டை ரயில்கள் பல அந்த வரம்புக்குள் வரவில்லை. மற்ற ரயில்கள் கைவிட்ட பின்னும் பழைய ஆணி கப்ளிங்கை வைத்தே பல காலம் ஓட்டினார்கள். அதை மாட்டுகிறவன் இரண்டு வண்டிக்கும் நடுவே கையை விட வேண்டும்.

ஷே எஞ்சினின் கியர் ஏறுவதற்கு மட்டும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லாச் சக்கரமும் எஞ்சினோடு பிணைந்திருப்பதால் இறக்கத்திலும் வண்டியைக் கட்டுக்குள் வைக்கும். காஸ் பாதையில் இன்றும் எஞ்சினைப் பள்ளத்துப் பக்கம் வைத்து, மேலே ஏறும்போது தள்ளிக்கொண்டே போகிறார்கள். கப்ளிங் அறுந்தாலும் வண்டி எஞ்சின் மேல்தான் சாயும், ஓடிவிடாது.

---

சேத்துமடை எழுதியது:

நிறுத்துவது என்று ஐயா சொன்னதும் நம் பக்கத்துக் கதை ஞாபகம் வந்தது. டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே கொச்சி சமஸ்தானம் ஒரு வன ட்ராம்வே போட்டது. 1907 முதல் முழுமையாக ஓடியது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். சாலக்குடியில் ஷொர்ணூர்–கொச்சி ரயில் பாதையோடு சேர்ந்துவிடும். அங்கிருந்து தேக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

நடுவில் மலை செங்குத்தாக விழுகிறது. அந்த இடங்களில் எஞ்சினை ஓட்டாமல் சாய்தளம் அமைத்தார்கள். மேலே ஒரு பெரிய உருளை, அதில் பிரேக், அதன் வழியாக வடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி இறங்கும் வேகத்திலேயே காலி வண்டி மேலே வந்துவிடும். நிலக்கரி வேண்டாம், விறகு வேண்டாம். இறங்குகிற பாரத்தையே வேலைக்காரனாக்கிவிட்டார்கள். 1963இல் மூடிவிட்டார்கள்.

டாப்ஸ்லிப் என்ற பெயரே மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் விட்டதால் வந்ததுதான்.

---

மரவாடி மகன் எழுதியது:

இது எனக்குத் தெரியாத செய்தி, நன்றி அண்ணா. அடுத்த கேள்வி. பழைய அமெரிக்கப் படங்களில் மில்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குளம், அது நிறைய மரம். நாங்கள் மரத்தை வெயில் படாமல், தண்ணீர் தேங்காமல் வைக்கப் பாடுபடுகிறோம். அவர்கள் ஏன் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டார்கள்?

---

காட்டுவழி எழுதியது:

முழுக்க நனைந்த மரம் கெடாது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருப்பதுதான் கெடுதல். பச்சைக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் முனை வெடிக்காது, வண்டும் பூஞ்சையும் அண்டாது. காட்டில் இழுத்து வரும்போது பட்டையில் ஒட்டிய மண்ணும் கல்லும் கழுவிப் போகும், ரம்பப் பல் பிழைக்கும். எல்லாவற்றையும் விட, தரையில் பத்துப் பேர் உருட்ட வேண்டிய கட்டையைத் தண்ணீரில் ஒரு ஆள் நீளக் கழியால் தள்ளிக்கொண்டு போகலாம். இனம் பிரிப்பதும் அளவு பார்ப்பதும் குளத்திலேயே முடிந்துவிடும். பிறகு முள் வைத்த சங்கிலி ஒவ்வொன்றாகக் கவ்வி மில்லுக்குள் ஏற்றும்.

ரயில் குளத்தின் ஓரமாக மரப்பாலத்தின் மேல் வந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போட்டிருப்பார்கள். பக்கவாட்டுப் பிடியை எட்ட நின்று தட்டிவிட்டால் போதும், மொத்தமும் தண்ணீரில் சரியும். அந்தப் பிடியைத் தட்டும் வேலைக்கு நல்ல அனுபவசாலியைத்தான் வைப்பார்கள்.

இதன் உச்சம் பென்சன் மிதவைகள். சைமன் பென்சன் நார்வேயில் பிறந்து ஆரிகனில் மரத்தொழில் செய்தவர். கொலம்பியா ஆற்றிலிருந்து கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு மரம் அனுப்பக் கப்பல் கூலி கட்டுப்படியாகவில்லை. தண்ணீரில் தொட்டில் மாதிரி ஒரு சட்டம் அமைத்து, அதற்குள் கட்டைகளை ஒன்றோடொன்று பிணைத்து அடுக்கி, சங்கிலியால் இறுக்கி, சுருட்டு வடிவத்தில் 800 அடிக்கும் மேல் நீளமான மிதவை செய்தார். ஒன்றில் 40 முதல் 60 லட்சம் போர்டு அடி மரம். 12 போர்டு அடி ஒரு கன அடி என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இழுவைக் கப்பல் அதைத் திறந்த பசிபிக் கடலில் ஆயிரம் மைலுக்கு மேல் இழுத்துப் போயிற்று. 1906இல் ஆரம்பித்து 1941 வரை நடந்தது.

தண்ணீரில் மூழ்கிப்போன கட்டைகளும் உண்டு. சுப்பீரியர் ஏரியின் குளிர்ந்த அடியில் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தவற்றை 1990களில் எடுத்து அறுத்தார்கள். நெருக்கமான வளையத்தோடு, கெடாமல் இருந்தன.

---

வனவரலாறு எழுதியது:

இவ்வளவு உழைப்பு பற்றிப் பேசுகிறோம், உழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு வரியாவது வேண்டும். ரயில் பெட்டியிலேயே கட்டிய குடியிருப்புகள், மரம் தீர்ந்ததும் குடியிருப்போடு இழுத்துக்கொண்டு போவார்கள். படுக்கை விரிப்பைத் தொழிலாளியே தோளில் சுமந்து வர வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேர வேலை. 1917 கோடையில் பசிபிக் வடமேற்கு முழுவதும் எட்டு மணி நேர வேலைக்காகவும் சுத்தமான முகாமுக்காகவும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அது முதல் உலகப்போர்க் காலம். விமானம் செய்ய ஸ்ப்ரூஸ் மரம் அவசரமாகத் தேவைப்பட்டது. ராணுவமே தலையிட்டுப் படைவீரர்களை மரம் வெட்ட இறக்கியது. கடைசியில் 1918 மார்ச்சில் எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. பலரும் அதை ராணுவத்தின் தயவு என்று எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முந்தைய வருஷம் வேலையை நிறுத்தியவர்கள் இல்லாமல் அது வந்திருக்காது.

அதே ராணுவம் வாஷிங்டன் மாநிலத்தில் கிரசென்ட் ஏரிக்கரையில் பாறையைக் குடைந்து ஒரு ஸ்ப்ரூஸ் ரயில் பாதை போட்டது. அது முடிவதற்குள் 1918 நவம்பரில் போர் நின்றுவிட்டது. போருக்காக ஒரு கட்டைகூட அதில் போகவில்லை. இப்போது அது நடைபாதை.

---

சேத்துமடை எழுதியது:

கட்டை ரயில் எப்போது நின்றது? லாரி வந்ததும் உடனேயா?

---

பொன்மலைக்காரர் எழுதியது:

உடனே இல்லை. 1920, 30களில் லாரியும் சங்கிலிச் சக்கர டிராக்டரும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலையைப் பிடித்தன. லாரி தண்டவாளம் ஏற முடியாத ஏற்றத்திலும் ஏறும், பாதை போடச் செலவும் குறைவு. காஸ் ஊரில் மில் 1960இல் மூடியது. மாநில அரசு வாங்கியது, 1963 முதல் சுற்றுலா ரயிலாக ஓடுகிறது. 1905இல் செய்த ஷே எஞ்சின் ஒன்று அங்கே இருக்கிறது.

வட அமெரிக்காவில் கடைசியாகத் தொழிலுக்காக ஓடிய கட்டை ரயில் கனடாவில் வான்கூவர் தீவில் இருந்தது. 2017 ஏப்ரலில் வாஸ் என்ற ஊரில், நிறுத்தி வைத்த பாரவண்டிகள் கழன்று இறக்கத்தில் தானாக உருண்டன. ஓடிவரும் வண்டியைத் தடம்புரளச் செய்வதற்கென்று பாதையில் வைத்திருந்த தடுப்பாலும் நிறுத்த முடியவில்லை. கீழே பாதைப் பராமரிப்பு வேலையில் இருந்தவர்கள் மேல் மோதி மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் ரயிலை மூடுவதாக அறிவித்தார்கள்.

ஷே குதிரை வண்டி ஓட்டிய காலத்தில் இருந்த அதே ஆபத்து, டீசல் எஞ்சின் காலம் வரை அந்தத் தொழிலோடு கூடவே வந்திருக்கிறது. சேத்துமடை தம்பி, அந்தச் சாய்தளங்களில் வடம் அறுந்தால் வண்டியைப் பிடிக்க என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்று பழைய வரைபடம் எதிலாவது கண்ணில் பட்டால் இங்கே போடுங்கள். அதை முதலில் பார்க்க வேண்டும்.